கண்ணுக்கு மட்டை இல்லை

கோடை லீவுக்கு அய்யம்பாளையம் வந்த பிள்ளைகள், மருதாநதி அணையைப் பார்த்து அலுத்துப்போய், "பெயிண்ட்பால் ஆடப் போகணும், அம்மா!" என்று நச்சரிக்கிறார்களா, சகோதரி? விளையாட்டுத்தானே என்று உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

காட்டில் மரங்களுக்கும் மந்தையில் மாடுகளுக்கும் அடையாளமிட அமெரிக்காவில் செய்த சாயத் துப்பாக்கி அது. 1981-ல் நியூ ஹாம்ப்ஷையரில் 12 பேர் அதை வைத்து ஆடியதே முதல் ஆட்டம். குண்டு வெறும் ஜெலட்டின் உருண்டைதான். ஆனால் விநாடிக்கு 300 அடி வரை பாயும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம்.

அதனால்தான் மூன்று காவல். விசையைச் சுற்றிய வளையம், செடியோ சட்டையோ தவறிப்போய் விசையில் படாமல் தடுக்கும். பூட்டு, விசையை அசையவிடாது. குழல் வாயில் மாட்டும் உறை, பூட்டு ஏமாற்றினாலும் குண்டைப் பிடித்துக்கொள்ளும். உறையின் நாடாவைப் பின்புறம் இழுத்து மாட்டாவிட்டால், உறையும் சேர்ந்து பறந்துவிடும்!

ஆட்டம் முடிந்ததும் வியர்வை துடைக்க முகமூடியைக் கழற்றுகிறார்களே, அந்த நிமிஷம்தான் ஆபத்து. எல்லாத் துப்பாக்கிகளுக்கும் உறை மாட்டியாயிற்றா என்று பார்த்த பிறகே கழற்றவேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

அய்யம்பாளையத்துத் தேங்காய் மரத்திலிருந்து விழுந்தும் உடையாமலிருப்பது மட்டையால் அல்லவா? கண்ணுக்கு அது இல்லை. நாம்தான் மாட்டிவிட வேண்டும்.