ஹஜ் பயணமும் விமானத் தீயும்

கப்பலேறி ஹஜ்ஜுக்குச் சென்ற காலம் போய், சில மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்கும் காலம் வந்துவிட்டது. ஊர்தோறும் நடைபெறும் ஹஜ் விளக்க வகுப்புகளில் இஹ்ராம் உடுத்தும் முறையும் தவாஃபின் ஒழுங்கும் ஓத வேண்டிய துஆக்களும் விரிவாகக் கற்பிக்கப்படுகின்றன. ஏறிச் செல்லும் விமானத்தில் தீப்பற்றினால் என் செய்வது என்பதை எவரும் எடுத்துரைக்க நாம் கேட்டதில்லை. புனிதப் பயணத்தின் வாசலில் விபத்தைப் பேசலாமா என முகஞ்சுளிக்கும் பெரியோர் உளர். அவர்கள்பால் மதிப்புக் கொண்டே இதனை எழுதுகின்றோம்.

1979 நவம்பர் 26 அன்று ஜித்தாவிலிருந்து கராச்சி நோக்கி எழுந்த பாகிஸ்தான் விமானம் தாயிஃப் அருகே வீழ்ந்து 156 பேரும் மாண்டனர். பயணிகள் பகுதியில் மூண்ட தீயே காரணம். ஹாஜிகள் உடன்கொணர்ந்த அடுப்பிலிருந்து எண்ணெய் கசிந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டு 19 அன்று, கராச்சியிலிருந்து வந்து ரியாதில் நின்று, ஜித்தாவுக்குப் புறப்பட்ட சவூதியா விமானத்தில் ஏழாவது நிமிடத்தில் சரக்கறையின் புகை எச்சரிக்கை ஒலித்தது. விமானி ரியாதுக்கே திரும்பினார். நலமாகத் தரையிறங்கவும் செய்தார். நெஞ்சை உலுக்குவது அதன்பின் நிகழ்ந்ததே. ஓடுபாதையில் உடனே நிறுத்தாமல் விமானம் மேலும் உருண்டோடியது. நின்ற பின்னும் மூன்று நிமிடங்களுக்கு மேல் எந்திரங்கள் அணைக்கப்படவில்லை. கதவொன்று திறக்கப்பட்டபோது எந்திரங்கள் ஓய்ந்து இருபது நிமிடங்கள் கடந்திருந்தன. 301 பேரில் ஒருவரும் எஞ்சவில்லை. சிதைவினுள் இரண்டு எரிவாயு அடுப்புகள் கண்டெடுக்கப்பட்டன. தீக்கு அவையே காரணம் என விசாரணை முடிவு கூறவில்லை. ஆயினும் அடுப்புக்கு விமானத்தில் என்ன வேலை?

1991-இல் நைஜீரிய ஹாஜிகளுடன் ஜித்தாவிலிருந்து எழுந்த விமானம் சக்கரத்தில் மூண்ட தீயால் வீழ்ந்து 261 பேர் மாண்டது வேறு வகை. அங்குப் பயணிகள்பால் பிழையேதுமில்லை.

விமானங்களைப் பொறுத்தவரை எவ்வளவோ திருத்தங்கள் வந்துள்ளன. 1983-இல் சின்சினாட்டியில் அவசரமாக இறங்கிய ஏர் கனடா விமானத்தில், கதவுகள் திறந்த சிறிது நேரத்திலேயே தீ எங்கும் பரவி, 46 பேரில் 23 பேர் மாண்டனர். அதன் விளைவாகக் கழிப்பறைகளில் புகையுணர் கருவிகளும், தரையோர விளக்குகளும், எளிதில் தீப்பற்றா இருக்கை உறைகளும் இடம்பெற்றன. ஆனால் நம் மூட்டைக்குள் இருப்பதை நாமன்றோ அறிவோம்? அன்றைய அடுப்பின் இடத்தில் இன்று பவர் பேங்க் வந்துள்ளது. அதிலுள்ள லித்தியம் மின்கலம் பழுதுற்றுச் சூடேறினால் அச்சூடே மேலும் சூட்டை வளர்க்கும். சரக்கறையின் தீயணைப்பு வாயுவால் அதனை முற்றிலும் அடக்க இயலாது. எனவேதான் அதனைக் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டுமென விதித்துள்ளனர். நம் பிள்ளைகளோ வாப்பாவின் பெரிய பெட்டியில் துணிகளுக்கிடையே அதனைப் பத்திரமாகப் பொதிந்து அனுப்புகின்றனர்! ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியை மேடைதோறும் முழங்கும் நாம் இதனைக் கவனியாதிருப்பது வியப்பே.

2016-இல் திருவனந்தபுரத்திலிருந்து சென்று துபாயில் விபத்துக்குள்ளான எமிரேட்ஸ் விமானத்திலிருந்து முந்நூறு பேரும் உயிர் தப்பினர். தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர்நீத்தார். புகைக்கு நடுவே பலர் தத்தம் பைகளைத் தேடி எடுத்த காட்சியை உலகமே கண்டது. 2024 ஜனவரி 2 அன்று தோக்கியோ ஹனேதாவில் தீப்பற்றிய ஜப்பான் விமானத்தின் 379 பேரோ, பைகளைத் துறந்து வெளியேறி ஒருவர் குறையாமல் பிழைத்தனர். ஜம்ஜம் நீரையும் பேரீச்சம்பழப் பையையும் துறக்க நம் மூதாட்டியருக்கு மனம் வருமா? முன்கூட்டியே சொல்லி வைத்தால் வரும்.

விமானத்தில் ஒலிக்கும் அறிவிப்புகள் அவர்களுக்குப் பெரும்பாலும் புரிவதில்லை. ஆகவே நம் தமிழ்த்துறை மாணவர்கள் ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதித் தரலாம். பவர் பேங்க் கைப்பையில், அமர்ந்ததும் வாயில்வரை எத்தனை வரிசை என எண்ணிக்கொள்ளல், புகை சூழ்ந்தால் குனிந்து செல்லல், பையைத் தொடாதிருத்தல். இவ்வளவே போதும். அடுத்த ஹஜ் வகுப்பு தொடங்குமுன் அது அச்சேறிப் பள்ளிவாசல்களுக்குச் சென்றுவிட வேண்டுமென விழைகின்றோம்.