மூன்றாம் வகுப்பிலேயே கண்டுபிடியுங்கள்

ஒரு தட்டில் மணல். பத்து வயதுப் பையன் ஆள்காட்டி விரலால் அதில் 'கொ' எழுதுகிறான். வாய் 'க்... ஒ...' என்று சொல்கிறது. விரலோ முதலில் கொம்பு போட வேண்டும், பிறகு 'க', கடைசியில் கால். காதில் முதலில் விழும் ஒலி எழுத்தில் நடுவே நிற்கிறது. நமக்கு இது பழகிப்போன சங்கதி. அவனுக்கு ஒவ்வொரு முறையும் புதிது. நான்காவது தடவை சரியாக வந்ததும், அழிப்பதற்கு முன் "மிஸ், இங்க பாருங்க" என்று கூப்பிடுகிறான்.

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான பள்ளி அது. சென்னைப் புறநகரில் ஒரு வாடகை வீட்டு மாடி. வகுப்புக்கு ஆறேழு பேர்தான். யாரையும் எழுப்பி நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்வதில்லை. ர, ற, ல, ள, ழ என்று குழப்பும் எழுத்துகளைக் களிமண்ணில் உருட்டுகிறார்கள், வண்ணம் மாற்றி எழுதுகிறார்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தீக்குச்சிக் கட்டுகள். மணலில் எழுதிய பையன் ஒருமுறை கேட்ட கதையை ஒரு வரி விடாமல் சொல்கிறான். அதே கதையை வாசிக்கச் சொன்னால்தான் வியர்த்துப்போகிறது.

அவன் அம்மா தையல் வேலைக்குப் போகிறவர். "எழுத மாட்டேங்கிறான்னு மூணு வருஷம் அடிச்சேன் சார். வேணும்னே பண்றான்னு நெனச்சேன்" என்றார். முந்தைய பள்ளியில் 'மக்கு' என்றார்கள். பிறகு மனவளர்ச்சி இல்லாத பிள்ளை, வேறு இடம் பாருங்கள் என்றார்கள். இரண்டும் பொய். அறிவில் இவன் யாருக்கும் குறைந்தவன் இல்லை. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில்தான் மூளை வேறு வழியில் போகிறது. பத்து வயதுவரை இதை அந்த அம்மாவிடம் ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கு இடமே இருக்கவில்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் இதுவும் ஒன்று. இதைக் கூடிய விரைவில் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று அதன் 16-ஆம் பிரிவு கல்வி நிலையங்களுக்குக் கடமை விதிக்கிறது. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக 1 மணி நேரம், மொழிப்பாட விலக்கு என்று தமிழகத்தில் சலுகைகளும் உண்டு. ஆனால் எல்லாம் சான்றிதழ் கையில் இருந்தால்தான். அதற்காக அந்த அம்மா மூன்று முறை அரசு மருத்துவமனைக்கு அலைந்துவிட்டார். ஒருநாள் சோதிப்பவர் வரவில்லை, ஒருநாள் ஏதோ காகிதம் இல்லை, இன்னொரு நாள் அடுத்த மாதம் வாருங்கள். மூன்று நாள் கூலி போனதுதான் மிச்சம்.

ஆசிரியர் நிலையும் இதேதான். தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறன் பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற அளவை 2021-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. பணியிடங்களை உருவாக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட்டது. தமிழகத்திலோ வட்டார வள மையத்திலிருந்து தொகுப்பூதியத்தில் வேலை செய்யும் சிறப்பாசிரியர், பல பள்ளிகளுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார். வாரத்தில் ஒருநாள் வந்து போகிறவரால் 'கொ'வை எப்படிப் பழக்க முடியும்?

வழி இருக்கிறது. இந்தக் குறைபாட்டை உறுதி செய்ய ஏற்ற வயது எட்டு, அதாவது மூன்றாம் வகுப்பு. தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துக்காக அந்த வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை ஆசிரியர்கள் ஏற்கெனவே சோதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பின்தங்குகிற பிள்ளையைப் பட்டியலில் கடைசியில் தள்ளாமல், அதே ஆண்டில் கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கு அனுப்ப ஓர் ஆணை போதும். சோதனை தமிழில் நடக்கட்டும். சான்றிதழ் முகாம் மருத்துவமனையில் அல்ல, வட்டார வள மையத்திலேயே குறித்த தேதியில் நடக்கட்டும். சிறப்பாசிரியருக்கு நிரந்தரப் பணியிடம் கொடுங்கள்.

இந்த மாடிப் பள்ளிக்குக் கட்டணம் கட்ட அந்த அம்மா இரவிலும் தைக்கிறார். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறை அடுத்த ஜூனுக்குள் அந்த ஆணையைப் பிறப்பிக்க வேண்டும்.