சீட்டுக்காரரிடம் நாம் கேட்காத கேள்வி

ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஓசூரில் வாடகைக்கு அறை கேட்டால், ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் பேசுகிறோம். சிப்காட் கம்பெனி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் கட்டாயம். மாதாமாதம் நம் சம்பளத்தில் ஒரு பங்கை வாங்கிப்போகிற சீட்டுக்காரரிடம் மட்டும் நாம் எதையும் கேட்டதில்லை. "நம்ம ஊர்க்காரர், முன்னே நம்ம ஷிஃப்ட்தான்" என்பதே போதுமாக இருந்தது.

சட்டம் கேட்கச் சொல்கிறது. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, முன் அனுமதி இல்லாமல் யாரும் சீட்டு தொடங்கக் கூடாது. ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகச் சிறைக்குப் போய், வெளியே வந்து 5 ஆண்டு ஆகாதவருக்கு அந்த அனுமதியை மறுக்கலாம். சீட்டுத் தொகை அளவுக்குச் சீட்டு நடத்துபவர் பிணையும் வைக்க வேண்டும்.

இது தெரிந்த பிறகும் பதிவில்லாத சீட்டைத் தேடிப் போனோம். காரணத்தை ஒப்புக்கொள்வோம். பதிவுள்ள சீட்டில், ஏலம் எடுத்தால் ஜாமீன் கேட்பார்கள். நம் ஆள் கேட்க மாட்டார். நம்மிடம் ஜாமீன் கேட்காதவரை நல்லவர் என்று சொல்லிவிட்டு, அவர் கையில் என்ன ஜாமீன் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் விட்டோம்.

பாடம் இல்லாமலும் இல்லை. 2009இல் டெபாசிட் திரட்டிய திருப்பூர் பாசி நிறுவனம் சரிந்தது. ஏறத்தாழ 930 கோடி ரூபாய் மோசடி. நடத்தியவர்களுக்கு 27 ஆண்டுச் சிறை என்று கோவை நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022இல்தான். 2019 ஜூனில், அதேபோலப் பணம் திரட்டிய பெங்களூரு ஐஎம்ஏ நிறுவனத்தின் நிறுவனர் துபாய்க்கு ஓடினார். அத்திப்பள்ளியைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். பணம் போட்டவர்களை "பேராசைக்காரர்கள்" என்று கேன்டீனில் டீ குடித்தபடி சொன்னோம். 2022இல் சென்னை ஆருத்ரா டெபாசிட் நிறுவனம் விழுந்தபோதும் அதையேதான் சொன்னோம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. நம் சீட்டுக்காரர் பணம் தர இழுத்தடிக்கத் தொடங்கியதும் நாம் வாயை மூடிக்கொண்டோம். சேதி பரவினால் நம் பணமும் வராது என்ற கணக்கு. "அடுத்த வாரம் கட்டாயம் செட்டில் பண்ணிடுறேன் அண்ணே" என்று அவர் சொன்னதை நம்பவில்லை. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. நாம் மௌனமாக இருந்த அந்த மாதங்களில் சூளகிரியிலிருந்தும் பாகலூரிலிருந்தும் புதிதாக ஆட்கள் சேர்ந்தார்கள். சிலரைச் சேர்த்துவிட்டது நாமே. அவர்கள் பணத்தை இழந்ததில் நமக்கும் பங்குண்டு.

சீட்டு என்றால் பதிவுத்துறை தந்த முன் அனுமதி ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். டெபாசிட் என்றால் ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். உங்கள் சீட்டுக்காரர் இப்போதே இழுத்தடிக்கிறார் என்றால், பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். அதற்கும் முன்னால், பக்கத்து மெஷினில் நிற்பவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.