பயிலுனர் என்ற பெயரில் ஒரு பொறி

வெளிநாட்டில் வாடிக்கையாளர் சேவைப் பயிலுனர் வேலை என்று ஆசைகாட்டி, சுற்றுலா விசாவில் இளைஞரை அனுப்பிவைக்கும் தரகுத் தொழிலுக்கு உடனடியாக முடிவு கட்டப்பட வேண்டும். மியன்மாரின் மியாவாடி இணைய மோசடி முகாம்களில் 2024இல் இலங்கையர் பலர் சிக்கியமை போதிய எச்சரிக்கையாகும். கணினி வேலை என நம்பித் தாய்லாந்துக்குப் போனவர்கள் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலைக்குப் பலவந்தப்படுத்தப்பட்டனர். மியன்மாரில் மட்டும் குறைந்தது 120,000 பேர் இவ்வாறு அகப்பட்டிருக்கலாம் என 2023இல் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் மதிப்பிட்டது. அறுகம்பையில் உல்லாசப் பயணிகளோடு பழகி ஆங்கிலம் கற்று, பருவம் முடிந்ததும் வருமானம் இழக்கும் பொத்துவில் இளைஞர் இத்தகைய வலைக்கு எளிதில் இலக்காகக் கூடியவர்கள். வெளிநாடு செல்ல விரும்புவது குற்றமல்ல. நேர்மையான வாய்ப்புகளும் உண்டு. ஆனால், பயிலுனர் என்ற பெயர் சம்பளத்தையும் காப்புறுதியையும் மறுப்பதற்கான சாக்காக முடியாது. அனுமதிப்பத்திரமற்ற முகவர்களைப் பொலிஸார் சட்டத்தின் முன் நிறுத்த வேண்டும். பொத்துவில் பிரதேச செயலகமும் பள்ளிவாசல் நிருவாகங்களும் விழிப்பூட்டலை இன்றே தொடங்க வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்காமல் எவரும் கடவுச்சீட்டையோ பணத்தையோ முகவரிடம் கையளிக்கலாகாது.