குற்றவாளி உழவன்தானா?

"படுவான்கரை உழவனுக்கு அறிவில்லை, கண்ட குளிசையை வாங்கி விழுங்குகிறான், அதனாலேதான் வயிற்றுளைவுக் கிருமி மருந்துக்கு அடங்காது போயிற்று" என்போர் நம்மிடையே உளர். கொழும்பார் மாத்திரமன்று, புளியந்தீவிற் கந்தோர் வைத்திருக்கும் கற்றோரும் இதையே கூறுகின்றனர். இக்குற்றச்சாட்டை நாம் விசாரிப்போம்.

முதலிற் சட்டம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வைத்தியரின் சீட்டின்றி விற்றலாகாது. ஒளடதங்களை ஒழுங்குபடுத்தவென்றே 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஓர் அதிகாரசபையும் கொழும்பில் அமர்ந்திருக்கிறது. ஆயினும், சீட்டில்லாமலே அவை இந்நாட்டு மருந்துக்கடைகளிற் கைமாறுவதை ஆய்வாளர் எழுதியே விட்டனர். விற்பவனைத் தடுக்கவேண்டிய கை உறங்க, வாங்குபவனைக் கூண்டிலேற்றுவது எந்த ஊர் நீதி?

வேளாண்மை வெட்டும் நாளில் வயிற்றோட்டம் கண்டவன் என்ன செய்வான்? மண்முனையில் 2014இற் பாலம் வந்தது மெய்தான். ஆயினும் பெரிய வைத்தியசாலைக்கு வந்து வரிசையில் நின்றால் ஒரு நாட்கூலி போயிற்று. கடையில் நாலு குளிசை வாங்குகிறான். நீராய்ப் போகும் வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் அக்குளிசை வேண்டியதேயில்லை என்று அவனுக்குச் சொன்னவர் யார்? இழந்த நீரும் உப்பும் உடலிற் சேர்ந்தாற் போதும். 'ஜீவனி'ப் பொட்டலம் அதற்கென்றே உள்ளது. 1971இல் மேற்கு வங்கத்து அகதி முகாமில், உப்பும் சீனியும் கரைத்த நீரைக் கொடுத்தே டாக்டர் திலீப் மகாலனபிஸ் வாந்திபேதிச் சாவை நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறக்கினார். இரத்தம் கலந்த வயிற்றுளைவுக்கே மருந்து வேண்டும். வேண்டாத நோய்க்கு அதை வாரியிறைத்தால், வேண்டிய நாளில் அது தோற்கும்.

தோற்ற கதை புதிதன்று. ஷிகெல்லா எனும் உளைவுக் கிருமி 1950களிலேயே ஜப்பானிற் பல மருந்துகளை ஒருங்கே எதிர்த்து நின்றது. அவ்வெதிர்ப்பு ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவும் என்பதை 1959இல் அந்நாட்டறிஞர் கண்டனர். 1969இற் குவாத்தமாலாவில் அதே இனத்துக் கிருமியை அமீபா நோயென மயங்கி, வேறு மருந்து கொடுத்தனர். ஆயிரமாயிரம் பேர் மாண்டனர். அவர்களும் கற்ற வைத்தியரே! 1976இல் அக்கொள்ளை நோய் இலங்கைக்கும் வந்தது. 2024இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அபாயக் கிருமிப் பட்டியலிலும் மருந்தை வென்ற ஷிகெல்லா இடம்பெற்றுள்ளது.

மலத்தைச் சோதித்து, எம்மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று அறியாது எழுதப்படும் சீட்டு, வைத்தியர் எழுதினாலும் குருட்டுச் சீட்டே. ஆகவே நாம் கேட்கின்றோம்: புளியந்தீவு வைத்தியசாலையிற் படுத்திருப்பவனுக்குரிய அச்சோதனை, களுவாஞ்சிகுடியிலும் வாழைச்சேனையிலும் படுத்திருப்பவனுக்கும் அதே விரைவிற் கிட்டல் வேண்டும். அதன் முடிவுகள் ஆண்டுதோறும் மாவட்டவாரியாகப் பகிரங்கமாக வேண்டும். மாரியில் வாவி பெருகிக் கிணறும் மலகூடமும் ஒன்றாகும் ஊர்களுக்கு வெள்ளத்தின் முன்னரே குடிநீரும் ஜீவனியும் சென்று சேர வேண்டும்.

நம் வாக்கைப் பெற்றுப் பாராளுமன்றத்தில் அமர்ந்திருப்போரே, ஆய்வுகூடத்துக்கென நீங்கள் எத்தனை முறை எழுந்து நின்றீர்கள்? அடுத்த மாரிக்கு முன் விடை தாருங்கள்.