பண்ணைக்குட்டையில் தண்ணீர் நிற்கவில்லையா? நகையை அடகு வைக்கும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: “எங்களுடையது செம்மண் நிலம். 100 அடி நீளம், 60 அடி அகலம், 6 அடி ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறோம். 1 அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி என்று நான்கு பக்கமும் சரிவு விட்டிருக்கிறோம். ஐப்பசி மழையில் குட்டை நிரம்பியது. ஆனால் பத்தே நாளில் நாலரை அடி இறங்கிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றரை அடி மட்டும் மாதக்கணக்கில் கிடந்தது. குட்டை முழுக்க பிளாஸ்டிக் ஷீட் விரிக்கச் சொல்கிறார்கள். வீட்டு நகையை அடகு வைத்துச் செய்யலாமா?”

– சிவகங்கை மாவட்ட வாசகி ஒருவர்

பதில்: அவசரப்பட வேண்டாம், சகோதரி. பதிலில் பாதி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கடைசி ஒன்றரை அடித் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கிறது என்றால், குட்டையின் அடிமண் தண்ணீரைத் தாங்குகிறது. ஓட்டை பக்கச் சரிவில்தான். குட்டை வற்றியதும் உள்ளே இறங்கி, தண்ணீர் இறங்காமல் நின்ற மட்டத்துக்கு மேலே சுற்றிலும் பாருங்கள். சரளைப் பட்டை, எலி வளை, நண்டு வளை, மக்கிப்போன வேர் ஓடிய துவாரம் இவற்றில் ஏதோ ஒன்று தென்படும். வளைகளையும் வேர்த் துவாரங்களையும் மேலாக மூடினால் போதாது. தோண்டித் திறந்து, ஈரக் களிமண்ணை வைத்து இடிக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் யோசியுங்கள். குட்டைக்குக் கீழே, பள்ளத்தில் உங்கள் கிணறு இருக்கிறதா? குட்டை நிரம்பிய சில நாட்களில் கிணற்று மட்டம் ஏறினால், கசிந்த தண்ணீர் வீணாகவில்லை. உங்கள் கிணற்றுக்கே போகிறது. அப்படியானால் குட்டையை அடைக்காமல் விடுவதே லாபம். கிணறு இல்லை, குட்டைத் தண்ணீரை நம்பித்தான் வெள்ளாமை என்றால் அடைத்தே ஆக வேண்டும். சரிவைக் கழித்தாலும் உங்கள் குட்டை சுமார் 8 லட்சம் லிட்டர் பிடிக்கும்.

களிமண் பூச்சு: செலவு குறைந்த வழி இது. முதலில் மண்ணைச் சோதியுங்கள். ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, பென்சில் கனத்துக்குத் திரியாக உருட்டி, வளையமாக வளையுங்கள். விரிசல் விடாமல் வளைந்தால் நல்ல களிமண். கண்மாய் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். எல்லா வண்டலும் களியாக இருக்காது. சில கண்மாய்களில் மணல் கலந்திருக்கும். அதனால் இந்தச் சோதனையைச் செய்யாமல் லோடு அடிக்காதீர்கள்.

பக்கச் சரிவுகள் மட்டும் சுமார் 3,000 சதுர அடி வருகிறது. 1 அடி கனத்துக்கு 30 யூனிட் மண் தேவை. இடித்தால் இறுகும் என்பதால் 40 யூனிட் என்று கணக்கு வையுங்கள். புல், வேர் எல்லாவற்றையும் செதுக்கிவிட்டு, பழைய சரிவைப் படிக்கட்டு மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். அப்போதுதான் புது மண் வழுக்காமல் பிடிக்கும். அடியிலிருந்து மேல்நோக்கி, அரை அடி கனத்துக்கு மண் போட்டு, ஈரமாக்கி, திமிசுக் கட்டையால் இடித்த பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. அதுதான் சரியான ஈரம். களிமண் வெயிலில் காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் மேலே அரை அடி சாதாரண மண்ணைப் போர்த்துங்கள். தண்ணீர் உள்ளே வரும் வாயில் கல் பதித்தால் பூச்சு அரிக்காது.

பென்டோனைட்: பக்கத்தில் களிமண் கிடைக்காவிட்டால் சோடியம் வகை பென்டோனைட் தூளை மண்ணில் கலந்து இடிக்கலாம். தண்ணீர் பட்டதும் உப்பி, மண்ணின் இடைவெளியை அடைத்துவிடும். மண்ணைப் பொறுத்து சதுர மீட்டருக்கு 5 முதல் 15 கிலோ பிடிக்கும். வண்டிச் சத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு முடிவெடுங்கள்.

பிளாஸ்டிக் ஷீட்: அடிமண்ணும் சரளையாக உள்ளவர்களுக்குத்தான் இது கட்டாயம். 500 மைக்ரான் கனம், ஐ.எஸ். 15351 முத்திரை பார்த்து வாங்க வேண்டும். ஷீட் போட்ட குட்டை பாசியோடு வழுக்கும். உள்ளே விழுந்த குழந்தையோ ஆடோ ஏறி வர முடியாது. ஷீட் போடுபவர்கள் சுற்றுவேலியும், கரையில் கட்டிய முடிச்சுக் கயிறும் இல்லாமல் தண்ணீர் நிரப்பவே கூடாது.

வேலையை ஆடி, ஆவணியில் முடித்துவிடுங்கள். குட்டை நிரம்பியதும் பலனையும் அளந்து பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் கல் போட்டு, குட்டையின் ஆழம் குறைந்த ஓரத்தில் நிறுத்தி, வெளித் தண்ணீரின் மட்டத்துக்கு உள்ளேயும் ஊற்றி, இரண்டு மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மழை பெய்யாத, மோட்டார் போடாத மூன்று நாள் கழித்துப் பாருங்கள். வாளிக்குள் குறைந்தது வெயில் குடித்தது. குட்டையில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தது கசிவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உங்கள் குட்டை தேறிவிட்டது. நகையும் வீட்டிலேயே இருக்கும்.