அம்பயரைத் திட்டினது போதும் மக்கா!

ஹாக்கின்னாலே அம்பயரைத் திட்ட ஒரு கூட்டம் கிளம்பிடுது. 2024 பாரிஸ் காலிறுதியில அமித் ரோஹிதாஸுக்குக் காட்டின சிவப்பு அட்டை அநியாயம்தான், ஒத்துக்கறேன். ஆனா மிச்ச நாற்பது நிமிஷத்துக்கு மேல பத்தே பேரா ஆடி, பிரிட்டனை ஷூட்-அவுட்ல 4-2ன்னு சாய்ச்சாங்களே!

நம்ம ஊர் டீமைக் கொன்னது எந்த அம்பயர்? 2005ல சென்னை வீரன்ஸ். அந்த லீக் 2008ஓட காலி. 2012ல சென்னை சீட்டாஸ். ஒரே சீசன்தான், அந்த லீக்ல ஆடின பல பேருக்குச் சம்பள பாக்கி. 2013ல இருந்து 2017 வரைக்கும் நடந்த ஹாக்கி இந்தியா லீக்ல நமக்கு டீமே கிடையாது. திரும்ப 2024ல தமிழ்நாடு டிராகன்ஸ். முதல் சீசன்ல சென்னையில ஒரு மேட்ச் கூட நடக்கலை. (1980 மாஸ்கோவுல தங்கம் வாங்கின கேப்டன் பாஸ்கரன் பொறந்த மாநிலம்ங்க இது!) புதுக்கோட்டைப் பையன் எந்த டீமை 'நம்ம டீம்'னு சொல்லி வளர்றது?

அந்த ஏலத்துல அதிகபட்சமே ஹர்மன்பிரீத்துக்குப் போன 78 லட்சம்தான். தொகை கம்மின்னு நான் அழலை. லீக் தொடங்கறதுக்கு முன்னாடியே ஒரு சீசன் சம்பளத்தைத் தனிக் கணக்குல கட்டச் சொல்லுங்க. பத்து வருஷத்துக்கு டீம் பேரை மாத்த மாட்டேன்னு ஓனர்கிட்ட கையெழுத்து வாங்குங்க. அப்புறமா அம்பயரைத் திட்டலாம், நானும் வர்றேன்.